காலி டப்பாக்களின் அறை

அத்தியாயம் 14

ராஜபாளையத்தில் நாகஜோதியின் வீட்டில் சமையலறையைத் தள்ளிவிட்டால் மீதி இரண்டே இடங்கள். ஒன்று ஹால். அதில் நாகஜோதி, அவள் மகன் சதீஷ், மருமகள் யுவராணி மூவரும் படுத்து எழுந்தார்கள். இன்னொன்று அறை. அதில் காலி டப்பாக்கள் குடியிருந்தன. புழுங்கிப்போய் வாடை வந்துவிடும் என்று அவற்றுக்கு ஜன்னல் திறந்தே இருக்கும். ஃபேன்கூட உண்டு.

யுவராணி கல்யாணமாகி வந்து பதினான்கு மாதங்கள். "இன்னும் ஒரு நல்ல சேதியும் காணோமே" என்று தண்ணீர்க் குழாயடியில் நாகஜோதி அடிக்கடி வருத்தப்படுவாள். மகனும் மருமகளும் விரிக்கும் பாயிலிருந்து நாலடி தள்ளிக் கட்டில் போட்டு, விடிய விடிய இருமுகிறவளும் அவள்தான். குழாயடியில் அதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

போன வாரம் யுவராணி வாய்விட்டே கேட்டுவிட்டாள். அந்த அறை எங்களுக்கு வேண்டும் அத்த.

நாகஜோதி கோபப்படவில்லை. சிரித்தாள். "ஒரு டப்பாவத் தூரப் போடக் கூடாது. ஒரு மூடி தொலையக் கூடாது. இந்த ரூம நீ காலி பண்ணிக் காட்டுட்டி, ரூம் ஒனக்குத்தான்" என்றாள். சொன்ன கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மகள் மாரிசெல்வி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். முடியாது என்று நன்றாகத் தெரிந்தபிறகு கொடுக்கிற வாக்குக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!

ஐந்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் திரும்பி வந்து கதவைத் தள்ளினாள்.

அறை காலியாக இருந்தது.

தரை கழுவி விடப்பட்டிருந்தது. நடுவில் ஒரு புதுப் பாய், இரண்டு தலையணை. சுவரில் ஒரு கண்ணாடி. பாயின் மேல் யாரும் இன்னும் உட்காரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. யுவராணி வாசல்படியில் நின்றாள், பரீட்சை பேப்பரைத் திருத்தக் கொடுத்த பிள்ளையைப் போல.

"எங்கட்டி எல்லாம்?"

"எல்லாம் வீட்லதான் இருக்கு அத்த. ஒண்ணும் வெளிய போகல. எண்ணிப் பாத்துக்கோங்க."

நாகஜோதி எண்ணத் தொடங்கினாள். விளையாட்டுக்கு அல்ல.

பெயிண்ட் வாளிகள் ஒன்பதும் படுத்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியால் கட்டப்பட்டு, வாசலோரம் செருப்பு வைக்கிற அடுக்காகியிருந்தன. பிரியாணிக் கடை வாளிகள் சமையலறைச் சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கின. ஒன்றில் வெங்காயம், ஒன்றில் பூண்டு, ஒன்றில் தேங்காய். ஐஸ்கிரீம் டப்பாக்கள் பழைய டிவி மேசைக்கு இழுப்பறைகளாகியிருந்தன. எண்ணெய் டின்களை ஒரு பக்கம் வெட்டி, விளிம்பை மடித்து, அடியில் சக்கரம் வைத்து நாகஜோதியின் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தாள். இழுத்தால் புடவைகள் வந்தன.

பாட்டில்கள்தான் அழகு. மூடிகளை மட்டும் பலகையின் அடிப்பக்கத்தில் ஆணியடித்து, பாட்டிலை அதில் திருகிவிட்டிருந்தாள். உப்பும் பருப்பும் மிளகும் அந்தரத்தில் தொங்கின. மிச்சமிருந்த டப்பாக்கள் எல்லாம் பெரியதுக்குள் சின்னது, சின்னதுக்குள் அதைவிடச் சின்னது என்று ஒன்றை ஒன்று விழுங்கிக்கொண்டு பரணில் ஏறியிருந்தன. அந்தச் சின்னதுக்குள்ளும் ஏதாவது ஒரு சாமான் இருந்தது. எதில் எது இருக்கிறது என்று யுவராணி எழுதி வைக்கவில்லை. மனசில் வைத்திருந்தாள்.

"இருநூத்துப் பன்னெண்டு" என்றாள் நாகஜோதி, முக்கால் மணி நேரம் கழித்து. கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "மாமா கண்ணாடிக் கூடு?"

"இந்தா இருக்கு அத்த."

காலமான மாமனார் பொன்னுராஜின் மூக்குக்கண்ணாடிக் கூடு அது. அவருடைய பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து பந்தல் பிரிப்பதற்குள்ளேயே அதில் ஊக்குகளைப் போட்டு மூடியவள் நாகஜோதி. எந்தப் பொருளும் சும்மா கிடப்பது அவளுக்குப் பிடிக்காது.

"கெட்டிக்காரிதான் நீ" என்றாள்.

பதினான்கு மாதத்தில் முதல் பாராட்டு. யுவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு சதீஷைப் பார்த்தாள். சதீஷ் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். இந்த ஐந்து நாளும் ஷிஃப்ட் முடிந்து வந்து ஆணியடித்தது அவன்தான். அவனும் சிரித்தான். இருவரும் சேர்ந்து சிரித்த அந்த அரை நிமிஷத்தை யுவராணி பின்னால் பல தடவை நினைத்துப் பார்க்கப் போகிறாள், எரிச்சலோடு.

ஏனென்றால் அப்போது வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

மேலே ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு வாஷிங் மெஷின், நாலு சாக்கு மூட்டை. முன்னால் டிரைவர் பால்ச்சாமிக்குப் பக்கத்தில் மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் முத்துப்பாண்டி பின்னாலேயே பைக்கில் வந்தான்.

"மாப்ளைக்கு இங்கன பேண்டேஜ் கம்பெனில வேல கெடச்சிருக்கு" என்றாள் நாகஜோதி, யாருக்கோ சொல்வதுபோல. "அங்க வீட்டுக்காரனும் காலி பண்ணச் சொல்லிட்டான். வேற எங்க போவாக?"

யுவராணிக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. "அத்த, இது ஆடி மாசம். ஆடியில யாராவது குடி மாறுவாங்களா?"

"ஆரு குடி மாறுனா? மக அம்மா வீட்டுக்கு வந்திருக்கா. ஆடியில மகளுக அம்மா வீட்டுக்கு வாரதுதான."

"பீரோவோடயா?"

"சீல துணி வைக்க வேண்டாமா?"

"மதினி நல்லாருக்கீங்களா?" என்று மாரிசெல்வி இறங்கினாள். நேரே அறைக்குள் போனாள். புதுப் பாயைப் பார்த்தாள். "ஐயோ, பாயெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. எதுக்கு மதினி, நாங்கதான் கட்டில் கொண்டாந்திருக்கோமே" என்று அதைச் சுருட்டி யுவராணி கையில் கொடுத்தாள். அன்பாகத்தான்.

"அத்த, ரூமக் காலி பண்ணுனா எனக்குன்னு சொன்னீங்களே."

"ஒனக்கு இல்லன்னா சொன்னேன்? ரெண்டு மாசம். பொறவு பாப்போம்." நாகஜோதி மருமகளின் தோளில் கை வைத்தாள். "இருநூத்துப் பன்னெண்டு டப்பாவ இந்த ஹாலுக்குள்ள அடக்கிட்ட. ஒங்க ரெண்டு பேர அடக்க ஒனக்குச் சொல்லியா குடுக்கணும்?"

"ரூம் காலியாயிருச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இப்பத்தான வாரீங்க."

நாகஜோதி மகனைப் பார்த்தாள். சதீஷ் பீரோவைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம் அவந்தான் போட்டோ அனுப்புனான்."

"எவ்வளவு நல்லா செஞ்சிருக்கன்னு காட்டத்தான் ராணி அனுப்புனேன்" என்றான் சதீஷ். பொய் சொல்லவில்லை. பெருமையாகத்தான் அனுப்பியிருந்தான். நாலு கோணத்தில்.

பீரோ அறைக்குள் போயிற்று. கட்டில் போயிற்று. வாஷிங் மெஷின் வாசலில் சிக்கியது. அதைச் சாய்த்து உள்ளே கொண்டுபோகும் வழியையும் யுவராணிதான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் வரவில்லை.

இதற்குள் பால்ச்சாமி முகம் துடைத்துக்கொண்டு, "சரிங்கம்மா, நான் கெளம்புறேன். திரும்பிப் போறப்ப சும்மாதான் போகணும்" என்றான்.

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

"சும்மாவா போற?" என்றாள் நாகஜோதி. அவள் குரலில் நிஜமான வேதனை இருந்தது. ஒரு முழு லோடு ஆட்டோ, காலியாக, பன்னிரண்டு கிலோமீட்டர்!

வீட்டில் ஒரே ஒரு வகைச் சாமான்தான் இன்னும் மிச்சம். யுவராணியின் அம்மா வெள்ளத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டி விற்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து மாதம் இரண்டு தடவை மகள் வீட்டுக்கு ஏதாவது கொடுத்துவிடுவாள். பால்கோவா, முறுக்கு, கருவாட்டுக் குழம்பு. வந்ததெல்லாம் எவர்சில்வர் தூக்குவாளியிலும் சம்படத்திலும். எல்லாவற்றிலும் வெள்ளத்தாய் என்று பெயர் வெட்டியிருக்கும்.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கை சீனியாவது, நாலு வாழைப்பழமாவது போட்டுத்தான் தர வேண்டும். நாகஜோதி இந்த வழக்கத்தை மிகவும் மதித்தாள். வெறுமனே கொடுப்பது தப்பு. நிறைத்துக் கொடுக்க மனசு வராது. எனவே கொடுப்பதே இல்லை. வெள்ளத்தாய்க்கு மட்டும் என்று இல்லை, தெருவிலேயே நாகஜோதி வீட்டுக்குள் போன எந்தப் பாத்திரமும் வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது. தெருக்காரர்கள் இப்போதெல்லாம் அவளுக்குப் பொங்கல் கொடுப்பதானால் வாழை இலையில் கொடுக்கிறார்கள்.

"அந்தத் தூக்கு சம்படத்தையெல்லாம் எடுத்துட்டு வாலே சதீஷு. சம்பந்தி வீட்ல சேத்துருவோம். மாரிசெல்வி பாத்திரம் வைக்க அந்த இடம் வேணும்."

முப்பத்தொன்று. சதீஷ் இரண்டு சாக்கில் கட்டினான். அவன் கயிறு கட்டினால் அவிழாது, மில்லிலேயே பெயர் பெற்றது.

"வெறும் பாத்திரமாவா அத்த அனுப்பப் போறீங்க?" என்றாள் யுவராணி. "எங்கம்மா என்ன நெனைப்பா?"

நாகஜோதி யோசித்தாள். நியாயமான கேள்வி என்று ஒத்துக்கொண்டவள்போலத் தலையை ஆட்டினாள். சமையலறையைப் பார்த்தாள். சீனி இருந்தது, ஆனால் விலை இருந்தது. வாழைப்பழம் இருந்தது, ஆனால் மாப்பிள்ளை வந்திருக்கிறார். அவள் பார்வை சுற்றி வந்து யுவராணி மேல் நின்றது.

"ஆமா, வெறும் பாத்திரமா அனுப்பக் கூடாது. நீயும் ஏறிக்க."

பால்ச்சாமி துண்டை உதறினான்.

"ஆடி மாசந்தான" என்றாள் நாகஜோதி. "பொண்ணுக அம்மா வீட்டுக்குப் போற மாசம்."

"தலை ஆடி போன வருஷமே முடிஞ்சிருச்சு அத்த."

"ஒவ்வொரு வருஷமும் ஆடி வருதுல்லட்டி. நானா கொண்டாறேன்? ஒரு பத்து நாள் இருந்துட்டு வா. இங்கனயும் ஹால்ல கொஞ்சம் நெருக்கடி. மாப்ள நடமாடணும், அவியளுக்குக் கூச்சமா இருக்கும்."

யுவராணி புருஷனைப் பார்த்தாள். சதீஷ் சாக்குக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"ஏங்க."

"ரெண்டு நாள்ல நானே வந்து கூட்டிட்டு வாரேன் ராணி. அம்மா சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்ல."

"எது?"

சதீஷ் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான். யுவராணி நாலைந்து புடவையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பையோடு வெளியே வந்தாள். மாமியார் காலில் விழவில்லை. மாரிசெல்வி, "மதினி, அந்தப் பாய நீங்களே கொண்டு போங்களேன், அங்க ஆகும்" என்றாள்.

பஸ் ஸ்டாண்ட் தாண்டும்வரை பால்ச்சாமி சும்மா இருந்தான். பிறகு, "என்னம்மா, வீட்ல சண்டையா?" என்றான்.

"இல்லண்ணே. ரிட்டன் லோடு."

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கியரை மாற்றினான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஆட்டோ நின்றபோது, வெள்ளத்தாய் கொதிக்கும் பாலைக் கரண்டியால் கிளறிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எல்லாம் வந்துருச்சா! ஆத்தா, மகராசி! என் பெரிய தூக்கு இருக்கா பாரு, மூணு வருஷம் ஆசப்பட்டு வாங்குனது!"

நடுவீட்டில் சாக்கைக் கொட்டி எண்ணினாள். முப்பது எண்ணி, முப்பத்தொன்றாவதை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எதுக்குட்டி வந்த?"

யுவராணி சொன்னாள். வெள்ளத்தாய் கேட்டாள். பால் அடி பிடிக்கிற வாசனை வந்ததும் எழுந்து போய்க் கிளறிக்கொண்டே மீதியையும் கேட்டாள்.

"சரி, நாத்துனா வந்தா எடம் குடுக்கத்தான வேணும். பொறுத்துப் போ. ஆனா பத்து நாள் இங்க எப்படிட்டி? ஆடிப்பூரத்துக்கு ஆர்டர் எம்புட்டு வந்திருக்கு தெரியுமா? ஒன் ரூம்ல அட்டப்பெட்டியா அடுக்கி வச்சிருக்கேன்."

யுவராணி போய்ப் பார்த்தாள். அவள் பத்தாம் வகுப்புப் படித்த அறை. தரையிலிருந்து கூரைவரை பால்கோவாப் பெட்டிகள். இன்னும் மடிக்காத காலி அட்டைகள். ஜன்னல் திறந்திருந்தது. பெட்டி நமுத்துவிடக் கூடாதாம்.

முதல் போன் பன்னிரண்டரைக்கு வந்தது. சதீஷ்.

"ராணி, உப்பு எங்க?"

"அடுப்புக்கு மேல பலகைக்கு அடியில தொங்குதுல்ல, இடது பக்கமிருந்து மூணாவது பாட்டில். பாட்டிலத் திருகுங்க, மூடியத் திருகாதீங்க."

ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது போன். மாரிசெல்வி மூடியைத் திருகியிருந்தாள். உப்பு முழுக்க அடுப்பில். சரி, மஞ்சள் பொடி எங்கே? அதையும் சொன்னாள். மூன்றாவது, டீத்தூள். நாலாவது, முத்துப்பாண்டிக்குச் சோப்பு. ஐந்தாவது, நாகஜோதியின் தைலம். எல்லாவற்றுக்கும் சொன்னாள். பரணில் நீலப் பெட்டி, அதுக்குள்ள வட்ட டப்பா, அதுக்குள்ள சின்ன டப்பா. சதீஷ் நடுவில் ஒரு டப்பாவை மறந்துவிட்டு மறுபடி போன் போட்டான்.

ஆறாவது போனின்போதுதான், தான் அந்த வீட்டில் இல்லை என்பதை அந்த வீடு கவனிக்கத் தொடங்கியிருக்கிறது என்று யுவராணிக்கு உறைத்தது. அதுவரை இலவசமாகச் சொல்லிவிட்டோமே என்று இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாகஜோதியே கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் போன் நம்பரில் இருந்து வருகிற முதல் போன்.

"ஏட்டி, குக்கர் வெயிட்டு எங்க?"

"சாப்பிட்டீங்களா அத்த?"

"வெயிட்டு எங்கன்னு கேக்கேன்."

"எங்கயோ வச்சேனே அத்த. டப்பாவுக்குள்ளதான் இருக்கும்."

"எந்த டப்பாட்டி? இருநூத்துப் பன்னெண்டையும் தெறந்து நடுவீட்ல பரப்பிக் கெடக்கு. மாரிசெல்வி பரண் மேல ஏறி இருக்கா, மாப்ள ஏணியப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. ராத்திரிக்கு அவியளுக்குக் கறிச் சோறு. கறி முத்தலாப் போச்சு. சட்டியில போட்டு ஒண்ணே முக்கா மணி நேரம் ஆகுது, ரப்பர் செருப்பு மாதிரி கெடக்கு."

"பக்கத்து வீட்ல ஒரு குக்கர் கேட்டு வாங்குங்களேன் அத்த."

மறுபக்கம் அமைதி. தெருவில் நாலு வீட்டில் கேட்டாகிவிட்டது என்பதும், நாலு வீட்டிலும் குக்கர் ரிப்பேராக இருந்தது என்பதும் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது.

"கடையில ஒண்ணு வாங்கிக்கலாம்லா?"

"வீட்ல இருக்கற சாமான எவளாவது வெல குடுத்து வாங்குவாளா?"

வெள்ளத்தாய் பின்னால் வந்து மகளின் முதுகில் கிள்ளினாள். "சொல்லித் தொலட்டி. சம்பந்தி வருத்தப்படுதாகல்ல" என்று கிசுகிசுத்தாள். யுவராணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் வேணா வந்து எடுத்துத் தாரேன் அத்த. அடுத்த பஸ்ஸ்லயே வாரேன். வந்தா இன்னைக்கு எங்க படுக்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் நீ அலைய வேண்டாம்" என்று நாகஜோதி போனை வைத்தாள்.

ஆறேகாலுக்கு வாசலில் பைக் சத்தம். யுவராணி ஓடி வந்தாள். எழுந்து ஓடியதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஓடிவிட்டாள்.

சதீஷ் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலைமுடியில் பரண் தூசி.

"வாங்க மாப்ள, வாங்க! உக்காருங்க, ரெண்டு தோச ஊத்துறேன்" என்றாள் வெள்ளத்தாய்.

"இல்ல அத்த, அவசரமாப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். நாலு தோசை சாப்பிட்டான். காலையிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாவம்தான். யுவராணி சட்னி ஊற்றினாள். ஐந்தாவது தோசைக்கு முன் கேட்டாள்.

"என்னக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா, வெயிட்டக் கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தான்."

"மொதல்ல எது?"

சதீஷ் தோசையைப் பிய்த்தான். "ராணி, இன்னைக்கு வந்தா நீ எங்க படுப்ப? ஹால் பூரா டப்பா. அம்மா கட்டிலுக்கே போக முடியல. ஒரு வாரம் போகட்டும், அம்மாட்ட நானே பேசுறேன்."

"பதினாலு மாசமாப் பேசாதத ஒரு வாரத்துல பேசிருவீங்களா?"

"நீ இப்படிக் குத்திக் குத்திப் பேசுனா நான் என்ன செய்ய?"

"எந்திரிங்க. கை கழுவுங்க."

அவன் கழுவிவிட்டு வந்தான். யுவராணி அடுக்களைப் பலகையின் மேல் துணிப்பையை வைத்து, உள்ளே கை விட்டு, ஒரு சின்னச் சாமானை எடுத்து நடுவில் வைத்தாள். குக்கர் வெயிட்.

சதீஷ் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இங்கயா கொண்டு வந்த? வேணும்னேவா?"

"வேணும்னேதான். கேளுங்க. உங்ககூட வேல பாக்குற தங்கச்சாமி அண்ணன் மம்சாபுரத்துல ஒரு வீடு வாடகைக்கு இருக்குன்னு சொன்னாருல்ல? ஒத்த ரூம்தான். ஒரு டப்பா கெடையாது. இத இங்கனயே வச்சுட்டு வாங்க, இப்பவே பைக்க எடுங்க, ரெண்டு பேரும் போயி அந்த வீட்டப் பாத்துட்டு வருவோம். கால் மணி நேரம். பிடிக்கலன்னா வேண்டாம், பாக்கவாவது செய்வோம். இல்ல, இதத்தான் எடுத்துட்டுப் போகணும்னா தனியாப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அடுப்புப் பக்கத்தில் வெள்ளத்தாய் தோசைக் கரண்டியோடு நின்றாள்.

சதீஷ் உண்மையாகவே யோசித்தான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் நெற்றியில் அந்த ஒத்தை அறை ஒரு நொடி வந்து போனதை யுவராணி பார்த்தாள். அதற்குள் அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். எடுத்துப் பேசவில்லை, ஆனால் வெயிட்டை நோக்கி அவன் கை தானாகப் போயிற்று.

"மாப்ள பசியோட இருக்காரு ராணி" என்றான். "கறி வீணாப் போயிரும். நாளைக்குப் பேசுவோம். சத்தியமா."

வெயிட்டைச் சட்டைப்பையில் போட்டு, பட்டனையும் போட்டான். தொலைந்துவிடக் கூடாது. வெள்ளத்தாயிடம், "வாரேன் அத்த, தோச நல்லாருந்துச்சு" என்றான். வாசலில் ஒரு தடவை திரும்பினான். என்ன சொல்ல நினைத்தானோ, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டதில் அது உள்ளேயே நின்றுவிட்டது.

பைக் சந்து முனை திரும்புகிறவரை யுவராணி நின்றாள். அழுவாள் என்று வெள்ளத்தாய் எதிர்பார்த்துச் சேலை முந்தானையைத் தயாராக வைத்திருந்தாள். அழவில்லை. உள்ளே வந்து, அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

"குடுத்துட்டல்ல, அதான் நல்ல பிள்ளைக்கு அழகு" என்றாள் வெள்ளத்தாய். "சம்பந்தி மனசு குளுந்து போகும்."

"மாவு மிச்சம் இருக்காம்மா?"

"ஒரு கிண்ணம் இருக்கு. ஏன், ஒனக்கு ஊத்தவா?"

"வேண்டாம். எடுத்து உள்ள வைய்யி. அவரு ஒரு மணி நேரத்துல திரும்ப வருவாரு. இந்தத் தடவ தோச கெடையாது. உக்காரவும் சொல்லாத."

"திரும்ப எதுக்குட்டி வாராரு? அதான் வெயிட்ட எடுத்துட்டுப் போயிட்டாருல்ல?"

யுவராணி துணிப்பையைத் தன் பக்கம் இழுத்து, மடித்த புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நாலாவது புடவை மடிப்புக்குள்ளிருந்து கறுப்பாக, வட்டமாக, வளையம் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தாள். குக்கர் மூடியின் ரப்பர்.

ராஜபாளையத்து அடுக்களையில் அந்த மூடி இந்நேரம் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். வெயிட் கையில் வந்து சேராமல் அதை யாரும் இறக்கிப் பார்க்கப் போவதில்லை.

வெள்ளத்தாய் ரப்பரைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள். "அடிப் பாவி. இதுக்கு என்னட்டி கேக்கப் போற?"

"இதுக்கு அவருகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள் யுவராணி. "அவங்கம்மாவ வரச் சொல்லு."